கொட்டகையில் ஒரு கரண்டி

"வாயைத் திற, தங்கம். சீக்கிரம். அம்மா வந்துடுவா."

நான்கு வயது தூவா வாயைத் திறந்தாள். விறகுக் கொட்டகை இருட்டில், நெற்றியில் மாட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஹால்வர் ஒரு கரண்டி மீன் எண்ணெயை மகளின் வாயில் ஊற்றினான். வேலைக்குப் போகிற நேரம்தான்; நவம்பரில் அந்த நார்வே ஊரில் அந்த நேரத்துக்கெல்லாம் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை.

தூவா சிணுங்கவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் முற்றத்துக்கு ஓடிப்போனாள். தினமும் இப்படித்தான். எவ்வளவு சமர்த்து என்று ஹால்வர் நினைத்துக்கொண்டான்.

பாலும் முட்டையும் என்ன, தேன்கூட வாசல் தாண்டாத வீகன் வீடு அது. கல்யாணத்துக்கு முன்பே அவனும் மாரித்தும் பேசி எடுத்த முடிவு. அவன் மனசாரத்தான் சம்மதித்தான். இப்போதும் ஆட்டையோ மீனையோ தட்டில் பார்க்க அவனுக்குப் பிடிக்காது. ஆனால் பயம் என்று ஒன்று வந்துவிட்டால் கொள்கை எங்கே நிற்கும்?

எல்லாம் சிஸெல் செய்த வேலை. சிஸெல் குழந்தைகள் சுகாதார நிலையத்து நர்ஸ். போன முறை தூவாவை எடை பார்த்துவிட்டு, "மீன் எண்ணெய் கொடுக்கறீங்கதானே?" என்று கேட்டாள்.

"இல்லை. வைட்டமின் சொட்டு மருந்து கொடுக்கறோம். பாசியிலிருந்து எடுத்தது" என்றாள் மாரித், நிமிர்ந்து உட்கார்ந்து.

சிஸெல் புன்னகையோடு கணினியில் என்னவோ தட்டினாள். "மாசக் கடைசியில ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துடலாமே."

அந்தப் புன்னகையை ஹால்வர் வீடு வரை சுமந்துகொண்டு போனான். பெயின்ட் கடையில் அவனோடு வேலை பார்க்கும் ரூனே வேறு சும்மா இருக்கவில்லை. "ரத்தத்துல சத்து இல்லேன்னு வந்துச்சுன்னா குழந்தை நலத்துறைக்குச் சொல்லிடுவாங்கப்பா. அப்புறம் அவங்க வந்து பிள்ளைங்களை..." என்று பாதியில் நிறுத்திவிட்டு, ஈரல் விழுது தடவிய ரொட்டியைக் கடித்தான்.

மீதியை ஹால்வர் படுக்கையில் கிடந்தபடி தானே நிரப்பிக்கொண்டான். வாசலில் கார். கதவைத் தட்டும் இரண்டு பேர். தூவாவின் சின்ன முதுகுப்பை. தம்பி சிண்ட்ரே கைநீட்டி அழுவான். மறுநாளே போய் மீன் எண்ணெய் வாங்கினான். பாட்டில் மேல் பெரிய மீன் படம். பார்த்தால் பார்க்கட்டும், படிக்கத் தெரியாத பிள்ளைதானே என்று இருந்துவிட்டான்.

முதல் பனி விழுந்ததும், "கொட்டகையில சறுக்குக் கட்டை இருக்குல்ல? நானே எடுத்துக்கறேன்" என்றாள் மாரித். ஹால்வர் பின்வாசல் வழியாக ஓடி, எண்ணெயை ஒரு காலி ஆளிவிதை எண்ணெய் பாட்டிலுக்கு மாற்றினான். மீன் படம் போட்ட பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினான். தப்பித்தோம் என்று நினைத்தான்.

மாரித் சறுக்குக் கட்டையோடு ஆளிவிதை பாட்டிலையும் கையில் எடுத்து வந்தாள். "இது எப்படி கொட்டகைக்குப் போச்சு? நல்லதாப் போச்சு, நாளைக்கு சாலட்டுக்கு ஆகும்."

நாளைக்கு ஊரில் உள்ள வீகன் குடும்பங்கள் எல்லாம் கூடிச் சாப்பிடும் நாள். மாரித்தின் பீட்ரூட் சாலட்டுக்கு அங்கே தனி மரியாதை உண்டு. அந்த ஊர் வீகன்கள் அத்தனை பேருக்கும் தன் கையால் மீன் ஊட்டப்போகிறோம் என்று நினைத்தபோது ஹால்வருக்கு வியர்த்தது.

"இந்தத் தடவை சாலட்டை நான் பண்றேன்" என்றான்.

"நீயா? போன தடவை பீட்ரூட்டைத் தோலோட போட்ட ஆளாச்சே."

"கத்துக்கணும்ல" என்று பாட்டிலைப் பிடுங்கினான். வியர்த்த கையில் அது வழுக்கி, அடுப்பருகே காயப்போட்டிருந்த தூவாவின் பனி உடுப்பின் மேல் கவிழ்ந்தது. மாரித் துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் அதைச் சுருட்டித் துணி துவைக்கும் இயந்திரத்தில் திணித்தான். சுடுநீரில் வாடை போய்விடும் என்று கணக்குப் போட்டான். வீட்டுத் துணி முழுவதும் ஏற்கெனவே உள்ளே கிடந்ததை அவன் பார்க்கவில்லை.

வாடை போகவில்லை, பங்கு பிரித்துக்கொண்டது. தலையணை உறையில் மீன், சிண்ட்ரேயின் குல்லாயில் மீன். கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்த மேசையில் கடைசி வரை யாரும் வந்து சேரவில்லை.

"துறைமுகத்துக் காத்து" என்றான் ஹால்வர்.

"துறைமுகம் அந்தப் பக்கம், காத்து இந்தப் பக்கம்" என்றாள் மாரித். அதற்கு மேல் அவள் கேட்காததுதான் அவனை இன்னும் கலக்கியது.

அவன் புது பாட்டில் வாங்கினான். வேறு என்ன செய்வான்? ரத்தம் எடுக்கும் நாள் நெருங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு ஒட்வார் வேலியருகே வந்து நின்றார். அவருடைய சாம்பல் பூனை தூவாவின் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. "என் பூனை உங்க வீட்டையே சுத்திக்கிட்டு கிடக்கு தம்பி. நான் வச்சதைத் தொட மாட்டேங்குது. ஆனா முடி மட்டும் பட்டு மாதிரி மின்னுது. நீங்கதான் மீனே தொடாத ஆளுங்களாச்சே?"

"வாடைக்கு வருது போல" என்று சொல்லிவிட்டு ஹால்வர் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜன்னலில் மாரித் நின்றிருந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்து நால்வரும் சிஸெலின் அறையில் போய் உட்கார்ந்தார்கள். ஹால்வர் சிண்ட்ரேயை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சிஸெல் காற்றை முகர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "கடைசியில மீன் எண்ணெய்க்கு வந்துட்டீங்களா? ரொம்ப சந்தோஷம்."

"எங்க வீட்டுல மீன் கிடையாது" என்றாள் மாரித். மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "கிடையாதுதானே?"

ஹால்வரால் அதற்கு மேல் முடியவில்லை. கொட்டகை, கரண்டி, ஆளிவிதை பாட்டில் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேன் மாரித். தினமும் செத்துச் செத்துப் பிழைச்சேன்."

"யாரு தூக்கிட்டுப் போறது?" சிஸெல் திகைத்தாள். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினாள். "இரும்பு, பி பன்னிரண்டு, டி எல்லாம் அருமையா இருக்கு. இந்த வருஷம் நான் பாத்ததுலேயே நல்ல ரத்தம் இதுதான்."

ஹால்வருக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் கர்வமும். "பாத்தியா?" என்றான் மனைவியிடம், தணிந்த குரலில்.

மாரித் கோபப்படவில்லை. அவள் கண் கலங்கியது. ராத்திரி ஊறவைத்த பருப்பு, அளந்து விட்ட சொட்டு மருந்து, படித்த புத்தகங்கள் எல்லாம் வீண் என்று அவள் முகம் சொன்னது. "அப்போ என் சமையல் மட்டும் இருந்திருந்தா என் பிள்ளை வாடியிருக்கும்" என்றாள். "சரி. இனிமே மீன் வாங்கிடலாம். ஒளிச்சு ஒளிச்சு வேண்டாம்."

தரையில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த தூவா நிமிர்ந்தாள்.

"பாட்டில்ல மீன் படம் இருந்துச்சேப்பா, நாமதான் மீன் சாப்பிட மாட்டோமே. நீ பாவம், ரொம்ப பயந்துட்டு இருந்தியா, அதான் ஒண்ணும் சொல்லாம வாயிலேயே வச்சிருந்து, தினமும் போய் ஒட்வார் மாமா பூனைக்குத் துப்பிட்டேன்."