எட்டுச் செலவுக்கு வந்த எலிக்குடல்

செத்தவீட்டில் மானம் போனவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினால் தலைவி நான்தான். போட்டிக்கு ஆள் இருக்காது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில், எலிக்குடலில் வாழும் புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். (சிரியாதையுங்கோ. வீட்டு எலிக்குள் எந்தப் புழு, தோட்டத்து எலிக்குள் எந்தப் புழு, மழை வந்தால் எது பெருகும் என்பதெல்லாம் பெரிய படிப்பு.) நீர்வேலியில் சித்தப்பாவின் வாழைத்தோட்டத்தில்தான் பொறி வைப்பேன். விடிந்ததும் அவரே பார்த்துவிட்டு, "பிள்ளை, உன்ரை ஆக்கள் வந்திட்டினம்" என்று போன் எடுப்பார். அந்த மனுசன் மாரி மழைக்குள் நெஞ்சுவலி வந்து, அதே வாழைகளுக்குள் விழுந்து செத்துப்போனார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்துப் படைக்கிற நாள். சித்தப்பாவுக்குக் கணவாய் என்றால் உயிர். எனக்கோ மழை விடுமுன் கடைசி எலிகள் வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சி அடுத்த மாரிவரை கிடப்பில்தான். காலையில் தோட்டத்துக்குப் போய், பொறியில் கிடந்தவற்றை அழுதழுது அறுத்து, குடல்களைப் பையில் கட்டி, ஐஸ் போட்ட ரெஜிபோம் மீன்பெட்டி ஒன்றில் வைத்து, நேரே செலவு வீட்டுக்குப் போனேன். பெட்டியைக் குசினி வாசலில் வைத்தேன். சொந்தக்காரரின் மீன் பெட்டிகளும் அங்கேதான் இருந்தன. எல்லாம் ஒரே வெள்ளை. என் படித்த மூளை அவ்வளவுதான்.

சித்தியோடு இருந்து அழுதுவிட்டு வந்தால், சித்தப்பாவின் அக்கா, எங்கள் பெரிய மாமி, என் குடல்களை வெட்டி மஞ்சள் போட்டு அலசிக்கொண்டிருக்கிறார்.

"உந்தக் கணவாய் ஆர் வாங்கினது? ஒரே புழு."

"மாமி, அது எலி."

சட்டி விழுந்தது. என் புழுக்கள் கழுவின தண்ணீரோடு கழிவுநீர்க் கானுக்குள் போயின. மாமி தலை முழுக ஓடினார். அடுப்பில் கொதித்த நல்ல கணவாயையும் சந்தேகத்தில் கொட்டினார்கள். சத்தம் கேட்டு, அத்தனை நாளும் வாய் திறக்காத சித்தி எழும்பி வந்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"உயிரோடை இருக்கேக்கை வாழைக்குள்ளை எலியோடை சண்டை. படையலிலையும் எலியோ, பிள்ளை?" என்றார் சித்தி.

பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, எங்களால் தேற்ற முடியவில்லை.

அன்று சித்தப்பாவுக்குக் கணவாய் இல்லை. ஆராய்ச்சி ஒரு வருடம் பிந்தியதை மறந்துவிட்டேன், இதை மறக்க முடியவில்லை.

இன்றைக்கும் நான் கணவாய் வாங்கிக்கொண்டு போனால், மாமி பையைத் தொடமாட்டார். தள்ளி நின்றுதான் கேட்பார்:

"வடிவாச் சொல்லு பிள்ளை. உது கடலிலை பிடிச்சதோ, தோட்டத்திலை பிடிச்சதோ?"