ஹலோ சார் வீட்டு ரப்பர் பேண்டுகள்

சோப்பு, ஷாம்பு, பற்பசை தயாரிக்கும் இந்தியக் கம்பெனிகள் அத்தனையோடும் ஒரே நேரத்தில் சண்டை போட்ட மனிதர் ஒருவர்தான் உண்டு. நெய்வேலியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த ‘ஹலோ சார்’.

டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாது, கல்யாணமும் இல்லை. தனியாகச் சமைத்து, துவைத்து, ஷிப்டுக்குப் போய் வந்தார். அவரைப் படுத்தி வைத்தவை டியூப்கள்தான். தடவிப் பார்த்தால் பற்பசையும் மூட்டுவலிக் களிம்பும் ஒரே உருவம், ஒரே வழவழப்பு.

“நடிகை மூஞ்சி போட எடம் இருக்குது. நாங்க தடவிப் படிக்க ஓரத்துல நாலு புள்ளி தூக்கி வைக்க எடமில்லியாம்!” என்று பொருமுவார்.

பாக்கெட் மேல் அச்சடித்த போன் நம்பரை என்னைப் படிக்கச் சொல்லி, கம்பெனியைக் கூப்பிடுவார். ஒருமுறை அந்தப் பக்கம் ஒரு பெண் குழைந்தாள்: “சார், எல்லா விவரமும் பாக்கெட் பின்னாடியே இருக்கு. படிச்சுப் பாருங்க.”

“கண்ணு தெரியாதவன் பேசிக்கினு இருக்கேம்மா!”

“அப்படியா சார்? பெரிய எழுத்து போட்டுப் புதுப் பாக்கெட் வந்திருக்கு சார்!”

கம்பெனிகள் திருந்தும்வரை பல் விளக்காமல் இருக்க முடியுமா? பற்பசைக்கு ரப்பர் பேண்ட், களிம்புக்கு நூல், பினாயிலுக்கு நிலக்கரிச் சுரங்கத்து நண்பர் கொடுத்த இன்சுலேஷன் டேப் என்று அவரே கட்டிவிட்டார். வீடே காப்புக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அந்தப் பொங்கலுக்கு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவர் தம்பி வந்தார். அண்ணன் மேல் உயிர். போகியன்று அண்ணன் காலை ஷிப்டுக்குப் போனதும், “என்னா வூடு இது, பூரா நூலும் ரப்பரும்!” என்று எல்லாவற்றையும் பிய்த்துத் தீயில் போட்டார். உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாக்களுக்கு மாற்றினார். ஷாம்பு, ஊறுகாய் என்று ஒரு ரூபாய் பாக்கெட்டுகள் மொத்தமும் ஒரே டப்பாவில்.

பொங்கலன்று ஹலோ சார் களிம்பில் பல் விளக்கி, உப்புக் காபி குடித்தார். தம்பி அழுதேவிட்டார்.

“பாத்தியாண்ணே? தனியா இருந்தது போதும். வேலைய எழுதிக் குடுத்துட்டு என்கூட வந்துடு. சும்மா ஒக்காந்துகினு இரு, நாங்க பாத்துக்கறோம்.”

அந்தச் ‘சும்மா’தான் ஹலோ சாரை உலுக்கியது. எந்தக் கம்பெனிக்கும் அசராதவர் தம்பியின் பாசத்தோடு சண்டை போடத் தெரியாமல் திணறினார். தம்பி அண்ணனின் துணிகளைச் சூட்கேஸில் அடுக்கி முடித்து, குளிக்கப் போனார். நான் வழியனுப்ப வந்தவன் போல ஹாலில் நின்றேன்.

“அண்ணே, கண்ணெல்லாம் சோப்பு! ஷாம்பு குடு!”

ஹலோ சார் பாக்கெட் டப்பாவை அப்படியே நீட்டினார். “நீ அடுக்குனதுதான்டா. கைய வுட்டு எடுத்துக்க.”

தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றைக் கிழித்துத் தலையில் தேய்த்தார். மாங்காய் ஊறுகாய்.

“ஐயோ, கண்ணு போச்சுண்ணே!” அலறலில் மொத்த பிளாக்கும் கூடிவிட்டது.

“பதறாதடா. போனாலும் பொழச்சிக்கலாம். நான் பொழைக்கல?” என்றபடி ஹலோ சார் அவர் கண்ணில் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

தம்பி ஈரத் துண்டோடு நேராக உள்ளே வந்தார். சூட்கேஸைத் திறந்து, அண்ணனின் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பீரோவில் வைத்தார்.

சாயங்காலம் தம்பியை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். பஸ் சத்தம் மறையும்வரை நின்ற ஹலோ சார் கேட்டார்: “ஏம்ப்பா, அவன் கண்ணு ரொம்பச் செவந்திருந்துதா?”

“கொஞ்சம் சார்.”

“பாவம், நல்ல பையன்” என்று மூக்கை உறிஞ்சினார்.

அந்த பஸ்ஸில் அவரும் ஏறிப் போகாததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.