சம்மேளனத்தைக் கவிழ்த்த நன்றியுரை

ஐரோப்பாவில் மேடையில் வைத்து நன்றி சொல்லப்படாத தமிழர் ஒருவர் இன்னும் மிஞ்சியிருந்தால், அவர் நன்றியுரை அண்ணை இருந்த மண்டபத்துக்கு ஒருநாளும் போகாதவராகத்தான் இருக்கவேண்டும். பெர்லின் முதல் பாசல் வரை, கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம், ஆண்டுவிழா என்று எது நடந்தாலும் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி அவருடையது. சொந்தப் பெயர் ஒன்று ஞானஸ்நானப் பதிவில் இருப்பதாகச் சொல்வார்கள். மன்னார்க்காரர், ஒல்லியான மனிதர், மேடைக்கென்று ஒரு சாம்பல் நிறக் கோட் வைத்திருந்தார்.

நம் சனத்துக்கு நன்றியுரை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒலிவாங்கியில் அந்தச் சொல் கேட்டவுடன் கதிரை இழுபடும், பிள்ளைகளின் ஜாக்கெட்டைத் தேடுவார்கள், பாதி மண்டபம் கார்த் தரிப்பிடத்தில் நிற்கும். அண்ணை பேசும்போது மட்டும் ஓட முடியாது. ஓடுகிறவனையும் அவர் விடமாட்டார். "இவ்வளவு நேரம் பொறுத்திருந்து இப்ப எழும்பிப் போற நீலச் சேட்டுத் தம்பிக்கும் நன்றி" என்பார். நீலச் சேட்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிடும்.

"அனைவருக்கும் நன்றி எண்டு ஒரு வரியில முடிச்சால் என்ன அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேர் சொல்லாத நன்றி விலாசம் எழுதாத கடிதம், தம்பி. ஆருக்கும் போய்ச் சேராது" என்றார்.

அதனால் அவர் பெயர் சொல்வார், செய்த காரியம் சொல்வார், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்றும் சொல்வார். டோர்ட்முண்டில் ஒரு கலியாணவீட்டில் ஐயர், சமையல்காரர், பூக்காரர் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டு, "இந்தப் பிள்ளையை முதலில பேசிப்போட்டு வேண்டாம் எண்டு விட்ட குடும்பத்துக்கும் நன்றி. அவையள் விடாட்டில் இண்டைக்கு எங்களுக்குச் சாப்பாடு இல்லை" என்றார். அந்தக் குடும்பம் மூன்றாவது வரிசையில் பந்திக்குக் காத்திருந்தது.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருடைய Antrag, வதிவிட விண்ணப்பம், நிராகரிக்கப்பட்ட கதை இன்னும் பிரசித்தம். முடிவைச் சொன்ன அதிகாரிக்கு எழுந்து நின்று நன்றி சொன்னாராம். கதவைத் திறந்துவிட்டதற்கு, கதிரை தந்ததற்கு, இல்லை என்பதைக்கூட மெதுவான ஜெர்மனில் சொன்னதற்கு. அதிகாரி குழம்பிப்போய்க் கோப்பை மறுபடி திறந்து, திரும்ப வர ஒரு Termin கொடுத்து, அதற்கடுத்ததில் முத்திரையும் குத்திவிட்டார். அந்த அதிகாரி ஓய்வுபெற்ற நாளில் பேசுவதற்கு அழைக்கப்பட்ட ஒரே வெளிநாட்டவர் நம்முடைய அண்ணைதான்.

இப்போது உதைபந்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்கென்று ஒரு சர்வதேச அமைப்பு இருந்தது: ஐரோப்பியத் தமிழர் உதைபந்தாட்டச் சம்மேளனம். பல நாட்டுக் கிளைகள், விதிகள் எழுதிய ஒரு யாப்பு, ஒரு கிண்ணம், அசைக்க முடியாத ஒரு தலைவர். தலைவர் டுசல்டோர்ஃபில் மொத்த வியாபாரம் செய்பவர். உறைந்த மீனும் மரக்கறியும் அவருடைய வான்களில் ஐரோப்பா முழுக்கப் போகும். ஒரு வானின் சாரதி நன்றியுரை அண்ணை.

உலகப் பெரிய உதைபந்து அமைப்பில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஜெர்மன் பத்திரிகைகள் அடிக்கடி எழுதும். எங்கள் தலைவர் அதை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். "உவங்களுக்குக் குடுக்கத் தெரியேல்ல. குடுத்தால் வெளியில தெரியக்கூடாது" என்பார். தன் தொழிலில் அவ்வளவு நம்பிக்கை.

நான் நொய்ஸ் நகரத்துச் சின்னக் கழகத்தின் செயலாளர். உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்து முடிந்த அடுத்த வருடம், சம்மேளனப் போட்டியை எங்கள் ஊரில் நடத்தக் கேட்டிருந்தோம். காரணம் ஒன்றுதான். போட்டியை நடத்தும் ஊர், தொடக்க ஆட்டத்தில் தான் விரும்பிய அணியை இறக்கலாம் என்று யாப்பில் இருந்தது. எங்களிடம் ஒரு பெண்கள் அணி இருந்தது. என் மகள் டிலானி அதில் விளையாடினாள். வருடா வருடம் நான் கேட்பேன். "பெட்டையளின்ர மட்ச்சை அடுத்த வருஷம் பாப்பம்" என்று தலைவர் சொல்வார். அந்த இலையுதிர் காலத்தில் பாதிப் பிள்ளைகள் Ausbildung, தொழிற்பயிற்சி என்று வேறு ஊர்களுக்குப் போகவிருந்தார்கள். அடுத்த வருடம் பார்ப்பதற்கு அணியே இருக்காது.

"அப்பா, உங்கட சம்மேளனத்தில எங்களுக்கு இடம் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ" என்றாள் டிலானி.

தலைவருக்கோ போட்டி பாரிசுக்குப் போகவேண்டும். பாரிஸ் கிளையை நடத்தியவர் அவருடைய மச்சான். போட்டி அங்கே நடந்தால் மைதானத்துச் சாப்பாட்டுக் கடை முழுவதும் இவருடைய மீனும் ரோல்சும். நான் தொலைபேசியில் கிளை கிளையாகக் கெஞ்சினேன். எல்லோரும் "பாப்பம் தம்பி" என்றார்கள். சுவிஸ்காரர் மட்டும் நேர்மையானவர். "நாங்கள் ஏற்கெனவே பாத்திட்டம்" என்றார்.

பொதுக்கூட்டம் டுசல்டோர்ஃபில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, தலைவர் உரை முடிந்து, வாக்கெடுப்புக்கு நேரம் வந்தது. பாரிஸ்காரரைக் காணவில்லை. ஆகனுக்குப் பக்கத்தில் Stau, வாகனங்கள் அசையவில்லை என்று செய்தி வந்தது. மச்சான் இல்லாமல் வாக்கெடுப்பை நடத்தத் தலைவருக்கு மனமில்லை. சும்மா இருந்தால் சனம் கலைந்துவிடும். அவருடைய கண் மண்டபத்தைச் சுற்றிவந்து சாம்பல் நிறக் கோட்டில் நின்றது.

"அண்ணை, நீங்கள் நன்றியுரையை இப்பவே சொல்லுங்கோவன். ஆறுதலாச் சொல்லுங்கோ. நல்லா இழுத்துச் சொல்லுங்கோ."

"எல்லாருக்கும் சொல்லவேணுமோ?"

"ஓம் ஓம். ஒருத்தரையும் விட்டிடாதேங்கோ."

தன் வாயால் கெட்டதாம் தவளை. அண்ணை மேடையேறி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"முதல் நன்றி எங்கட தலைவருக்கு. தலைவர் செய்யிற உதவியளை வெளியில சொல்லமாட்டார். அது அவற்ர பெருந்தன்மை. ஆனால் கொண்டுபோய்க் குடுத்தது நான். நானும் சொல்லாட்டில் ஆர் சொல்லுறது?"

தலைவர் புன்னகையோடு கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"டென்மார்க் கிளைத் தலைவற்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்குப் பலகாரம் முழுக்க எங்கட தலைவர் அனுப்பினவர். பயித்தம் பணியாரம் ஒண்டுகூட உடையாமல் போய்ச் சேர்ந்தது. அதை இறக்கி உதவின டென்மார்க் பிரதிநிதிக்கும் நன்றி."

டென்மார்க் பிரதிநிதிக்கு இருமல் வந்தது.

"சுவிஸ் பிரதிநிதிக்குக் குடும்பமாய்ச் சென்னை போய்வர ரிக்கெட். அவற்ர மனுசிக்கு ஒரு கூறைச்சீலை மாதிரிப் பட்டு. அவரும் நன்றி மறக்கிற ஆளில்லை. எங்கட வாக்கு பாரிசுக்குத்தான் எண்டு தலைவரிட்டைச் சொல்லச் சொல்லி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினவர். அந்த நல்ல மனசுக்கும் நன்றி."

தலைவர் எழுந்து அண்ணையின் கோட்டைப் பிடித்து இழுத்தார். "அண்ணை, சுருக்குங்கோ."

அண்ணை ஒலிவாங்கியிலேயே சொன்னார். "சுருக்கச் சொல்லுறார். தன்ர புகழைக் கேக்க அவருக்குக் கூச்சம்."

இந்த இடத்தில் மண்டபத்தில் நியாய உணர்வு பொங்கி எழுந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பொங்கியது பொறாமை. ஒல்லாந்துக்காரர் எழும்பினார்.

"ஒரு நிமிஷம். சுவிசுக்கு ரிக்கெட்டோ? எங்களுக்கு நண்டு. அதுவும் ஒரு பெட்டி."

"ரெண்டு பெட்டி அண்ணை. மற்றப் பெட்டியை உங்கட பொருளாளரிட்டைக் குடுத்தனான். பத்திரமாய் வாங்கி வச்ச அவருக்கும் நன்றி."

ஒல்லாந்துக்காரர் திரும்பித் தன் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கூரையைப் பார்த்தார். அப்போது பின்வரிசையில் லண்டன் பிரதிநிதி மெதுவாக எழுந்தார். பல வருடமாகத் தலைவருக்கு ஆதரவாகக் கைதூக்கிக் கைதூக்கித் தோள் தேய்ந்த மனிதர்.

"எனக்குக் கலண்டர் வந்தது" என்றார். "கடைக் கலண்டர். மார்ச் மாதம் வந்தது."

"அதைச் சுருளாமல் கொண்டுவந்தனான்" என்றார் அண்ணை. "கடைசியாய் நொய்ஸ் கழகத்துக்கு நன்றி. அவையளுக்கு ஒண்டும் குடுக்கேல்ல, அவையளும் ஒண்டும் கேக்கேல்ல. எனக்கு ஒரு பயணம் மிச்சம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பாரிஸ் மச்சான் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பு தொடங்கியது. யாப்பின்படி கையைத் தூக்கவேண்டும். பாரிசுக்கு ஆதரவானவர்கள் என்று கேட்டபோது மச்சான் உற்சாகமாகக் கையைத் தூக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். வேறு கை இல்லை. தூக்கினால் வாங்கினவன் என்றாகிவிடும். ஒல்லாந்துக்காரர் தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்திருந்தார்.

நொய்சுக்கு ஆதரவானவர்கள் என்றதும் லண்டன் கை முதலில் எழும்பியது. பிறகு மண்டபமே எழும்பியது. டென்மார்க்காரர் தூக்கிய வேகத்தில் பக்கத்தில் இருந்தவரின் தேத்தண்ணி கவிழ்ந்தது. ஒரு வெள்ளிக்காசு செலவில்லாமல், பயித்தம் பணியாரமும் பட்டுச்சீலையும் கொடுத்து வாங்கிய வாக்கு முழுவதும் எங்கள் பக்கம் வந்து விழுந்தது. நான் கதிரையில் ஏறி நின்று கைதட்டினேன். செயலாளர் செய்யக்கூடாத காரியம்தான், ஆனால் செய்தேன்.

"என்ன நடந்தது?" என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணை ஒலிவாங்கிக்குக் குனிந்தார். "பாரிஸ் கிளைக்கும் நன்றி. நீங்கள் சுணங்கினபடியால்தான் எனக்குக் கதைக்க இவ்வளவு நேரம் கிடைச்சது."

கார்த் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன். "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, தெரிஞ்சுதான் செய்தனீங்களோ?"

"ஒருத்தரையும் விட்டிடாதேங்கோ எண்டு தலைவர் சொன்னவர். விடேல்ல" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. பிறகு, "மகள் எந்த இடத்தில விளையாடுறவ? மற்றப் பிள்ளையளின்ர பேரையும் சொல்லும்" என்றார்.

திங்கட்கிழமை அவருக்கு வேலை போய்விட்டது. வெளியேறுமுன் முதலாளிக்கு நன்றி சொல்லத் தொடங்கினாராம். முதலாளி காதைப் பொத்திக்கொண்டு குளிர்அறைக்குள் போய்விட்டார், அண்ணை கதவுக்கு வெளியே நின்று சொல்லி முடித்தார். நாங்கள் பயிற்சி செய்யும் மைதானத்தின் ஜெர்மன் கழகம் அப்போது ஒரு Platzwart தேடிக்கொண்டிருந்தது. புல் வெட்டி, கோடு போட்டு, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் கூட்டிக்கொண்டு போனேன். நேர்முகத்திலேயே அவர்கள் சீக்கிரம் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காவிட்டால் அவர் எழும்பியிருக்கமாட்டார்.

ஆகஸ்டில் போட்டி நடந்தது. தொடக்க ஆட்டத்துக்கு எங்கள் பெண்கள் மைதானத்தில் இறங்கினார்கள். சனம் ரோல்ஸ் வரிசையில்தான் நின்றது, பொய் சொல்லக்கூடாது. அப்போது ஒலிபெருக்கியில் அண்ணையின் குரல் வந்தது. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொன்னார். மழையில் பயிற்சிக்கு வந்தவள், முழங்கால் உடைந்து திரும்பி வந்தவள், தன் சப்பாத்தைத் தங்கைக்குக் கொடுத்தவள். "கோல்காக்கிற டிலானிக்கு நன்றி. பாப்பம் எண்டு சொன்ன பெரிய மனுசரை எல்லாம் இண்டைக்குப் பாக்க வச்சிருக்கிறா" என்றார். ரோல்ஸ் வரிசை கலைந்து கோட்டோரம் வந்து நின்றது. பிள்ளைகள் டென்மார்க்கிலிருந்து வந்த பெண்கள் அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். நான் அழுதேன், எனக்குப் பக்கத்தில் நின்ற லண்டன் பிரதிநிதியும் அழுதார்.

அண்ணை இப்போது ஓய்வில் இருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம், இனிப்புத் தொட ஏலாது. அது தெரிந்தும் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போகிறேன். லஞ்சம்தான், மறைக்கவில்லை. அவர் கேக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என் முழுப் பெயரையும் சொல்லி, நான் பனியில் வண்டி ஓட்டி வந்ததற்கும், படியில் சப்பாத்தைத் துடைத்ததற்கும், உள்ளே வந்து இருந்ததற்கும் நிதானமாக நன்றி சொல்வார். கேட்டு முடித்து வெளியே வரும்போது, அந்த வருடம் நான் ஏதோ பிரயோசனமாகத்தான் வாழ்ந்திருக்கிறேன் என்று தோன்றும்.