வட்டம் தெரிந்த புறா

மாமனாரிடம் மரியாதை குறையாமல் கோபப்படத் தெரிந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையற்காரர் எழுதுவது. இங்கே நானும் மகளும் புறாவும் சுகம். அங்கே உங்கள் கோபமும் சுகம்தானே?

"படிக்காத ஆள்கிட்ட பறவையக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்குப் போனில் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்து பார்க்கையில் புறா தவறினால் ஆறு வருஷ ஆராய்ச்சியும் பட்டமும் போச்சு, அப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னீர்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள். நீங்கள் வெளியூர் போகும்போது தந்தது ஒரு கூண்டு, இரண்டு பளபள அட்டை. வட்டம் போட்டதைக் கொத்தினால் தானியம், சதுரத்தைக் கொத்தினால் ஒன்றுமில்லை, தினம் நாற்பது தடவை. நானும் காட்டினேன். இரண்டாம் வாரமே முப்பத்தெட்டு சரி. மூன்று மாதம் நீங்கள் பழக்கிய புறா, கேட்கணுமா? நீங்களும் போனில் அதன் முகத்தைப் பார்த்து, "மாமா, என்னைக் கண்டதும் தலையாட்டுது பாருங்க" என்று கண்கலங்கினீர்கள். போன திங்கட்கிழமை உங்கள் சம்சாரம் அட்டைகளை ஈரத்துணியால் துடைத்தாள். அன்றிலிருந்து புறா வட்டத்தையும் பார்க்கவில்லை, சதுரத்தையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது. யோசித்தேன். அவள் துடைக்கும் முன் வட்ட அட்டையின் மூலையில் என் கட்டைவிரல் டீக்கறை இருந்தது. அதே மாதிரி சதுரத்தில் ஒரு கறை வைத்தேன். சதுரத்தைப் போட்டுக் கொத்து கொத்தென்று கொத்தியது. வெள்ளிக்கிழமை பேராசிரியருக்கும் அதையே காட்டினேன். மனிதர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு, உங்கள் புறாவுக்கு வடிவம் தெரியாது, கறைதான் தெரியும், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டம் போகவில்லை, ஒரு வருஷம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். படிக்காத ஆளால் முடிந்தது.

உடம்பையும் நாக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
மாமனார் (கைநாட்டு)

பி.கு.: உறையை ஒட்டும் முன் தையற்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். கூண்டில் இருப்பது உங்கள் புறா இல்லை. நீங்கள் போன மறுநாள் தண்ணீர் வைக்கத் திறந்தபோதே உங்களுடையது பறந்துவிட்டது. மொட்டைமாடியில் அதே சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பிடித்துப் போட்டேன். இன்று காலை ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அட்டைகளை மறுபடி கறை போகத் துடைத்து, இடம் மாற்றி மாற்றிக் காட்டினேன். நாற்பது தடவையும் வட்டத்தையே கொத்தியது. பிடித்து வைத்திருக்கிறேன். நாளை நானே பேராசிரியரிடம் கொண்டுபோய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடிப் புறா உங்களைக் கண்டு தலையாட்டியதை மட்டும் சொல்ல மாட்டேன். அது நம் குடும்பத்துக்குள் இருக்கட்டும்.