நாற்பத்தைந்து டிகிரி ஆவி

குறி சொல்லும் முள்ளய்யாவின் வாடகைக் கூடத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. மூளையையும் அங்கேயே கழற்றச் சொன்னார்களோ என்று நினைக்காதீர்கள். அதை அவரவர் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

மேசைமேல் பச்சைத் துணி. துணிமேல் திசைகாட்டி. கேள்வி கேட்டால் முன்னோர் ஆவி முள்ளைத் திருப்பும். கிழக்கே திரும்பினால் செய்யலாம், மேற்கே என்றால் கூடாது.

டோக்கன் வாங்கிய வரிசையில் நம் பௌதிக டீச்சரும் இருந்தார். மின்சாரம் ஓடும் கம்பி காந்த முள்ளை எவ்வளவு திருப்பும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டே தொண்டை கட்டியவர். கணவருக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்றதும் கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. போன வாரம் முள் "கூடாது" என்றது, தள்ளிப்போட்டார்.

"ஏம்மா, உன் ஆவி எந்த ஆஸ்பத்திரியில வேலை பாத்துச்சு?" என்றார் கணவர் அன்று வீட்டில், வலியில் சுருண்டபடியே.

இன்றும் டீச்சர் முள்ளய்யாவிடம் கேட்டார்: "ஐயா, இப்பவாவது ஆபரேஷன் பண்ணலாமா?"

முள் மேற்கே திரும்பி நின்றது. கூட்டம் "ஐயோ" என்றது. டீச்சரோ, பழக்கதோஷம், கோணத்தைப் படித்தார். வடக்கிலிருந்து மேற்காக நாற்பத்தைந்து டிகிரி. பூமியின் காந்தத்துக்குச் சரிசமமாக இன்னொன்று பக்கவாட்டில் இழுக்கிறது! இதே கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளைகளை எப்படியெல்லாம் திட்டியிருப்பார்! முகம் சுட்டது.

மேசைப் பலகையின் கனத்தை விரலால் அளந்தார். அதே கனத்தில் ஒரு புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஐயா, திசைகாட்டிய இதுமேல வெக்கட்டுமா? ஆவிக்கு உயரம்னா பயமில்லையே?"

"ஆவிக்கு ஏதும்மா தூரமும் உயரமும்! தாராளமா வை."

"பலகைக்கு அடியில இருக்கறது கம்பின்னா, தூரம் இரட்டிச்சதும் பலம் பாதியாயிடும். முள்ளு இருபத்தாறு, இருபத்தேழுல நிக்கும். எல்லாரும் பாருங்க."

முள் அவர் சொன்ன இடத்துக்கே வந்து நின்றது. டீச்சர் துணியை உருவிக் குனிந்தார். பலகைக்கு அடியில் செப்புக் கம்பிக் கட்டு, கீழே கார் பேட்டரி, முள்ளய்யாவின் கால் கட்டைவிரலில் சுவிட்ச்.

வரிசையில் முன்னால் நின்ற ஓர் அம்மாள் டீச்சரின் காலைப் பிடித்தாள்: "தாயே, நீ சொன்ன இடத்துல முள்ளு நின்னுச்சே! என் மகளுக்கு எப்பக் கல்யாணம்?"

"எந்திரிம்மா! நானே உன் பின்னாடி வரிசையில நின்ன மக்குதான்."

வாசலிலேயே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். அடுத்து கணவருக்கு.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

"முள்ளு சம்மதிச்சிடுச்சா?"

"முள்ளு போன வாரமே உண்மையச் சொல்லிடுச்சுங்க. வாத்திச்சிக்குத்தான் படிக்கத் தெரியல."

டீச்சருக்கே இந்தக் கதி. நீங்கள் டோக்கன் வாங்க நீட்டும் கையால், முதலில் மேசைத் துணியை ஒருதரம் தூக்கிப் பார்த்தால் என்ன?