கெர்னலுக்குள் கண்ணி வைத்து அப்பாவைப் பிடித்த வரலாறு

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

விழுப்புரத்தில் எழுந்தருளி, கல்லூரிக் கம்ப்யூட்டர் லேப்பைக் கட்டிக் காத்துவரும் என் பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, திண்டிவனம் மரக்காணம் ரோடு அடைக்கலராஜ் ஸ்டுடியோவின் இளைய வாரிசு இருதய அருண் தெரிவிக்கும் அதிமுக்கிய அறிவிப்பு: நமது ஸ்டுடியோவின் சுழல் நாற்காலிக்கு உடைந்த சக்கரம் மாற்றப்பட்டுவிட்டது. இனி பாஸ்போர்ட் போட்டோவில் திண்டிவனத்து மக்கள் யாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க மாட்டார்கள். இங்கு எல்லோரும் சுகம். அத்தையும் நீங்களும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டே இருப்பார். அதனால்தான் தாள்.

மாமா, உங்கள் கல்லூரியில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, லினக்ஸ் போட்டு எங்கள் கடையில் வைத்தீர்கள் அல்லவா, அதில் போன மாதத்திலிருந்து போட்டோக்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முழுசாகப் போனாலும் பரவாயில்லை, இங்கொன்று அங்கொன்றாக, எலி கடித்த மாதிரி. கடைசியில் மயிலம் சவுரியம்மாள் பேத்தியின் புதுநன்மைப் படங்களில் கை வைத்தது. குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த ஒரு படம் மட்டும் இல்லை. நல்லவேளை, வெனிலா அக்கா கேமரா கார்டை அழிக்காமல் எடுத்து வைத்திருந்தது, பிழைத்தோம். ஆனால் அப்பா பார்த்த பார்வையே வேறு. கடையில் கம்ப்யூட்டரைத் தொடுவது அக்காதான், ஆகவே அழித்ததும் அக்காதான். "போன்ல பேசிக்கினே வேல செஞ்சா இப்பிடித்தான் ஆவும். அடுத்த மாசத்துல இருந்து அவ வூட்லயே இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். அந்தக் கடையை ஒருநாள் தன் கையில் எடுத்து நடத்த வேண்டும் என்று அக்கா பத்தாவது படிக்கும்போதிருந்தே சொல்லிக்கொண்டு வருவது உங்களுக்கும் தெரியும். மத்தியானம் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டுப் போனது. அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன்.

என் திட்டம் என்னவென்றால், எந்த நிரலாக இருந்தாலும் ஒரு படத்தை அழிக்க வேண்டுமானால் தானாக அழிக்க முடியாது, கம்ப்யூட்டரின் நடுமூளையான கெர்னலிடம் போய்க் கேட்டாக வேண்டும். கெர்னலுக்குள்ளே அழிப்பதற்கென்றே ஒரு செயல்கூறு இருக்கிறது. அந்த அழைப்பு அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால் நான் நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டால், வருகிற எல்லோரும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் இதை அக்காவுக்குப் புரிய வைத்த விதத்தை நீங்கள் கேட்க வேண்டும். நம் வீட்டில் யாராவது அப்பாவிடம் நேராகப் பேசியிருக்கிறோமா? "டூர் போவணும், காசு வேணும்" என்று நான் அம்மாவிடம் சொல்வேன். அம்மா அதை நடுவில் பிடித்து, "புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல ஏதோ கட்டணுமாம்" என்று மாற்றி அப்பாவிடம் அனுப்புவார். அப்பா "உதை வாங்கப் போறான்" என்பார். அம்மா அதையும் பிடித்து, "பாக்கலாம்னாருடா" என்று எனக்குத் திருப்பித் தருவார். அனுப்பியவனுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. "அப்ப அம்மாவ மாதிரி ஒருத்தர அதுக்குள்ள வெக்கப் போறேன்ற" என்றது அக்கா. அவ்வளவுதான் மாமா, கெர்னலையே கேழ்வரகு உருண்டை மாதிரி உருட்டிக் கையில் கொடுத்துவிட்டேன்.

முதல் முயற்சியில் சிறு சறுக்கல், மறைக்க மாட்டேன். அழிப்பதை மட்டும் பிடிக்காமல், ஆசைப்பட்டு, எழுதுவதையும் சேர்த்துப் பிடித்தேன். யார் எதை எழுதினாலும் அதை ஒரு கோப்பில் எழுதி வை என்று என் ஆளுக்கு உத்தரவு. அவன் எழுதினான். அவன் எழுதுவதும் எழுதுவதுதானே? ஆகவே அதையும் எழுதினான். எழுதியதை எழுதியதாக எழுதியதையும் எழுதப் போனபோது கம்ப்யூட்டர் அப்படியே கல்லாக நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து, வானூரில் வேலைக்குப் போகிற முத்துசாமி அண்ணன் அவசரமாக போட்டோ எடுக்க வந்து, சக்கரம் மாற்றிய நாற்காலியில் மோவாயைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். அப்பா "அசையாதப்பா, அசையாதப்பா" என்கிறார், கேமராவைக் கோர்த்திருந்த திரைதான் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மோவாயை இறக்காமலே, "அண்ணே, கழுத்து பேஜாராவுது, ஜல்தியா எடுங்க" என்றார். நான் பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். அதுவும் கெர்னலைக் கையாளும் ஒரு முறைதான்.

இரண்டாவது முறை அழிப்பதை மட்டும் பிடித்தேன். எந்தப் படம், எப்போது, யார் பெயரில், எந்த நிரல் வழியாக என்று குறித்துக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே விட வேண்டும் என்று ஏற்பாடு. கம்ப்யூட்டருக்கே தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருந்தேன் மாமா. மறுநாள் மத்தியானம் இன்னும் சில படங்கள் காணோம். திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர்: அடைக்கலராஜ். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா டீ கிளாஸை எடுக்கச் சாயும்போது முழங்கை கீபோர்டின் மேல்தான் இருக்கும்.

அம்மாவிடம் "அப்பாதாம்மா அழிச்சிருக்காரு" என்றேன். அம்மா அப்பாவிடம் போய், "அதுக்குள்ள ஏதோ சூடு ஏறிப்போச்சாங்க" என்றார். அப்பாவோ அன்றைக்கென்று என்னை நேராகக் கூப்பிட்டுவிட்டார். "அருணு, இன்னாடா சூடு?" நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "என் பேரா போட்டிருக்கு? அப்ப நான்தான்" என்றார். சாவியை எடுத்துக்கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்து, "இனிமே நீயே பாத்துக்கம்மா. நான் ஷட்டர் தூக்கறதோட சரி" என்றார். அக்கா அழுதது. அம்மாவும் அழுதார். நான் மட்டும், சாதித்தவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றேன்.

ஆகவே மாமா, உங்கள் பிரின்சிபாலைப் பார்க்கும்போது, இன்னும் பிளஸ் டூவே முடிக்காத மருமகன் ஒருவன் கெர்னலுக்குள் போய்க் குடும்பத்தைச் சேர்த்துவைத்தான் என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். ஒரு வார்த்தை போதாது என்று தோன்றினால் இந்தக் கடிதத்தையே காட்டலாம். அத்தைக்கு என் அன்பு. அன்னை மாதா உங்கள் இருவரையும், உங்கள் லேப்பில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் கரண்ட் கட்டிலிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
கெர்னல் காத்த மருமகன்,
இருதய அருண்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் இதை அக்கா படித்துவிட்டது. படித்துவிட்டு அந்த வரிகளைக் காட்டச் சொன்னது. "கடை கம்ப்யூட்டர்ல யாரு உள்ள போனாலும் அப்பா பேருதானடா வரும். ஒவ்வொரு வரி கடைசியிலயும் 'பெருக்கு'ன்னு ஒண்ணு இருக்குதே, அது இன்னா?" என்று கேட்டது. அந்தப் பெருக்கு என்பது, தவக்காலத்தில் ஏதாவது நல்ல காரியம் செய்யலாமே என்று, ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை, வீட்டைக் கூட்டிப் பெருக்குவது போல, அழித்துவிட்டு இடம் மிச்சம் பிடிக்க நான் எழுதிய சின்ன நிரல். தினம் மத்தியானம் தானாக ஓடும். எழுதியதை நான் மறந்துவிட்டேன், அது என்னை மறக்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் படமும் ஒன்று என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் கேமராவுக்குப் புது கார்டு போட்டதும் படங்களின் எண் மறுபடி முதலிலிருந்து வந்திருக்கிறது. பழைய படத்தின் பெயரிலேயே வந்த புதுப் படத்தை இரட்டை என்று நினைத்து அது பெருக்கித் தள்ளியிருக்கிறது. மீதியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெருக்கை நிறுத்திவிட்டேன். பிரின்சிபாலிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அம்மா வழியா இல்ல, நீயே நேராப் போயி சொல்லு. மனுசன் கம்ப்யூட்டர் பக்கமே வராம, டீ குடிக்கக்கூட வாசல்ல போயி நிக்கிறாரு" என்றது. நேற்று சொல்லத்தான் போனேன். படம் வாங்க வந்திருந்த சவுரியம்மாளிடம் அப்பா என் தோளில் கை போட்டு, "அழிச்சது நான்தாம்மா, மன்னிச்சிக்கங்க. ஆனா எம்புள்ள கம்ப்யூட்டருக்கு உள்ளயே போயி பெத்த அப்பனையே புடிச்சிட்டான் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தேன். "டீ வாங்கியாரட்டாப்பா" என்றுதான் வந்தது. வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், அடுத்து வந்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.