ஜமீன்தாரை அடக்கம் செய்த விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். ஜமீன்தார் மட்டும் நலமில்லை. அதாவது, இனி அவனுக்கு நலம், நலமின்மை இரண்டுமே கிடையாது. மாற்றலாகிப் போகும்போது நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த நாய், செவ்வாயன்று காலை, வழக்கம்போல என் நாற்காலியில் படுத்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டான். வயதுதான் காரணம் என்கிறார் டாக்டர்.

வீட்டிலேயே புதைக்கலாமா என்று நகராட்சியில் போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள், "வாடகை வீடா? அப்ப ஓனர் சம்மதிக்கணும். மூணடி ஆழம். கிணறு, தண்ணிக் குழாய் பக்கம் கூடாது. பிளாஸ்டிக், ரப்பர் எதுவும் கூட வெச்சுப் புதைக்காதீங்க" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லையை அளந்தேன், கிணற்றை விட்டு விலகினால் கழிவுநீர்த் தொட்டி, தொட்டியை விட்டு விலகினால் குழாய், எல்லாம் போக மிஞ்சியது கீழ்வீட்டு ஓனர் ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் ஒன்றுதான், அவரோ "என் செருப்பைக் கடிச்சுத் தின்னவனுக்கு என் இடமா?" என்று குதிக்கிறார், நான் விதிகளை விளக்க விளக்க அவர் குரல் ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. கடைசியில் உங்கள் அத்தை, "நீங்க சும்மா இருங்க" என்று என்னை அதட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க வேலை விட்டு வர்ற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பானே. அதுக்காகவாவது..."

மனிதர் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு வந்தார். என்னைத் தொடவே விடாமல் தானே தோண்டினார். பழைய வேட்டியில் சுற்றி இறக்கியதும் உள்ளே ஓடி, ஒற்றைச் செருப்போடு திரும்பினார். "இதையும் வெச்சுடுங்க. ஜோடியில்லாம நான் என்ன பண்றது?" என்று மூக்கை உறிஞ்சினார். "ரப்பர் கூடாதுன்னு விதி..." என்று ஆரம்பித்தேன். உங்கள் அத்தை ஒரு பார்வை பார்த்தாள். வைத்துவிட்டோம்.

மகளுக்கு இன்னும் தெரியாது. அவள் தாங்கமாட்டாள். நீங்கள் திடமனசுக்காரர், அவள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

இருவரும் குறைவின்றி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். உங்கள் அத்தை அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டாளாம். "அப்பா, அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. ஜமீன்தாருக்கு ஊசி போட்டப்பவே மயங்கி விழுந்தவரு. நானே மெதுவா சொல்லிக்கறேன்" என்றாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம். ஜமீன்தார் சௌக்கியம்.